லென்ஸைக் கழற்ற முடியாத கேமரா: வாங்கும் முன் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

ஆலயத் திருவிழா, மகளின் மஞ்சள் நீராட்டு விழா, தமிழ்ப்பள்ளிப் பரிசளிப்பு, பாட்டியின் எண்பதாம் பிறந்தநாள். எல்லாவற்றையும் கைப்பேசியிலேயே எடுத்துப் பழகிவிட்ட வீடுகளில் "ஒரு நல்ல கேமரா வாங்கினால் என்ன?" என்ற பேச்சு திடீரென்று ஒருநாள் எழும். பெரும்பாலும் ஓர் ஏமாற்றத்துக்குப் பிறகுதான் அந்தப் பேச்சு வரும். மேடையில் ஆடிய பிள்ளையின் முகம் கலங்கலாகப் பதிந்திருக்கும். தீ மிதித்தவர் ஓர் ஆரஞ்சுக் கறையாகத் தெரிவார். மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து எடுத்த தாலி கட்டும் படத்தில் யார் மாப்பிள்ளை, யார் மாப்பிள்ளைத் தோழன் என்றே தெரியாது.

கடைக்குப் போனால் இரண்டு வகைக் கேமராக்களைக் காட்டுவார்கள். ஒன்று, லென்ஸைக் கழற்றி மாற்றும் வகை. உடல் ஒரு விலை, லென்ஸ் ஒவ்வொன்றும் ஒரு விலை. தூரத்தில் இருப்பதை வெளிச்சம் குறைந்த இடத்தில் எடுக்கும் நல்ல லென்ஸ் வாங்கப் போனால் அது உடலின் விலையையே தாண்டும். மற்றது, லென்ஸ் உடலோடு சேர்ந்தே இருக்கும் வகை. ஒரே தடவை பணம் கட்டினால் போதும். பை நிறைய லென்ஸ் தூக்க வேண்டாம். தோட்டத்து மண்சாலையில் தூசி பறக்கும்போது லென்ஸைக் கழற்றி மாட்ட வேண்டிய தொல்லையும் இல்லை. சாதாரண வீட்டுக்கும் சிறிய ஆலய நிர்வாகத்துக்கும் இந்த இரண்டாவது வகையே பெரும்பாலும் பொருந்தும்.

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. லென்ஸ் பிடிக்கவில்லை என்றால் வேறு லென்ஸ் போட்டுக்கொள்ள முடியாது. வாங்கும் அன்றே எல்லாம் முடிவாகிவிடும். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் மாதம் 1,700 வெள்ளி. இந்த வகையில் தரமான கேமரா ஒன்று, பழையதாக இருந்தாலும், ஒரு மாதச் சம்பளத்தை எளிதில் விழுங்கிவிடும். புதியது என்றால் இரண்டு மூன்று மாதச் சம்பளம் போய்விடும். தோட்டம் மேம்பாட்டு நிறுவனத்துக்குக் கைமாறி, லயன் வீடுகள் உடைபடப் போகின்றன என்று தெரிந்த இடங்களில் விஷயம் இன்னும் பெரியது. அந்த ஆலயத்தின் கடைசித் திருவிழா ஒரு முறைதான் நடக்கும். படம் கலங்கிப் போனால் மறுபடி எடுக்க இடமே இருக்காது.

முதலில் கேட்க வேண்டியது சென்சார்

விளம்பரப் பலகையில் பெரிதாக எழுதியிருப்பது மெகாபிக்சல். அதை அவ்வளவாகக் கண்டுகொள்ள வேண்டியதில்லை. ஒரு படத்தை ஏ3 அளவில் நேர்த்தியாக அச்சடிக்க ஏறக்குறைய 17 மெகாபிக்சல் போதும். இன்று விற்பனைக்கு வரும் மேம்பட்ட நிலைலென்ஸ் கேமராக்களில் பெரும்பாலானவை 16 மெகாபிக்சலிலிருந்து மேலே போகின்றன. கேட்க வேண்டிய கேள்வி வேறு: லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சென்சார் எவ்வளவு பெரியது?

மழைநீர் பிடிக்க வாளி வைப்பதை நினைத்துக்கொண்டால் புரியும். வாய் அகலமான வாளியில் அதிக நீர் சேரும். சிறிய சூம் கேமராக்களில் இருப்பது 1/2.3 இன்ச் எனப்படும் சென்சார். அதன் அளவு சுமார் 6.2 மி.மீ.க்கு 4.6 மி.மீ., அதாவது சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. அடுத்தது '1 இன்ச்' சென்சார். பெயரைக் கேட்டு ஓர் அங்குலம் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. அது பழைய வீடியோ குழாய்களின் காலத்துக் கணக்கு. உண்மை அளவு 13.2 மி.மீ.க்கு 8.8 மி.மீ. அப்படியிருந்தும் முந்தையதைவிடப் பரப்பளவில் நான்கு மடங்கு பெரியது. அதற்கும் மேலே ஏபிஎஸ்-சி சென்சார். 1 இன்ச்சைப் போல மூன்று மடங்கு. அதற்கும் மேலே 36 மி.மீ.க்கு 24 மி.மீ. கொண்ட முழுச்சட்ட சென்சார்.

நண்பகல் வெயிலில் எடுத்த படத்தைக் கைப்பேசியில் பார்த்தால் இவற்றுக்குள் பெரிய வேறுபாடு தெரியாது. அதிகாலை நான்கு மணிக்குப் பத்துமலையில் எடுக்கும்போதுதான் சாயம் வெளுக்கும். வெளிச்சம் போதாத இடத்தில் கேமரா தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்ளும். அந்த எண்தான் ஐஎஸ்ஓ. சிறிய சென்சாரில் ஐஎஸ்ஓ 1600ஐத் தாண்டினாலே முகத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் வரத் தொடங்கும். அந்தப் புள்ளிகளை கேமரா வழித்து எடுக்கும்போது தோலின் இயல்பும் போய், முகம் மெழுகுப் பொம்மைபோல் ஆகிவிடும். 1 இன்ச் சென்சாரில் 3200 வரை தாராளமாகப் போகலாம், 6400இல் சமாளிக்கலாம்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். விலை உயர்ந்த கைப்பேசிகள் சிலவற்றில் இப்போது முதன்மைக் கேமராவுக்கு 1 இன்ச் அளவு சென்சாரே வந்துவிட்டது. ஆகவே பக்கத்தில் நின்று எடுக்கும் குடும்பப் படத்துக்காக மட்டும் தனிக் கேமரா வாங்குவது வீண்செலவு. தனிக் கேமரா தன் விலைக்கு வேலை செய்வது தூரத்தில் இருப்பதை எடுக்கும்போதுதான். கைப்பேசியின் தொலைநோக்கு லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சென்சார் பொதுவாகச் சிறியது. அதற்கு மேலும் இழுத்தால் அது டிஜிட்டல் சூம், அதாவது படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கும் வேலை. இரண்டு மடங்கு டிஜிட்டல் சூம் செய்தால் 20 மெகாபிக்சலில் 5 மட்டுமே மிஞ்சும். நான்கு மடங்கு என்றால் ஒன்றேகால். கடைக்காரர் சூம் எண்ணைச் சொல்லும்போது "ஆப்டிக்கலா, டிஜிட்டலா?" என்று கேட்டுவிட வேண்டும்.

லென்ஸின் மேல் எழுதியிருப்பதைப் படிப்பது எப்படி?

லென்ஸின் முன்வளையத்தில் சில எண்கள் பொறித்திருக்கும். 2014இல் வந்த பானசோனிக் லூமிக்ஸ் எஃப்இசட்1000ஐ எடுத்துக்கொள்வோம். இன்று பழைய கேமராச் சந்தையில் தேடப்படும் ஒன்று அது. வளையத்தில் 2.8-4 என்றும் 9.1-146 என்றும் இருக்கும். இரண்டாவது இணை குவியத் தூரம். அந்த எண்களை அப்படியே வைத்து இன்னொரு கேமராவோடு ஒப்பிட முடியாது. சென்சாரின் அளவைப் பொறுத்து அதன் பொருள் மாறும். அதனால்தான் எல்லாரும் முழுச்சட்டக் கணக்குக்கு மாற்றிப் பேசுகிறார்கள். அந்தக் கணக்கில் இது 25 முதல் 400 மி.மீ. வரை. கடையிலும் இணையத்திலும் ஒப்பிட வேண்டியது இந்த மாற்றிய எண்ணைத்தான்.

400 என்றால் எவ்வளவு? மண்டபத்தில் மேடையிலிருந்து 20 மீட்டர் பின்னால் உட்கார்ந்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். படுக்கைவாக்கில் படம் எடுக்கும்போது 200 மி.மீ.யில் சட்டத்தின் உயரம் 2.4 மீட்டரைப் பிடிக்கும்; பரதம் ஆடும் பிள்ளை தலைமுதல் கால்வரை அடங்குவாள். 400இல் 1.2 மீட்டர், இடுப்புக்கு மேல் வரும். 600இல் 80 சென்டிமீட்டர்; முகமும் முத்திரை பிடித்த கையும் நிறைந்து நிற்கும். பள்ளி விழாவுக்கும் திருமணத்துக்கும் 400 தாராளம். செம்பனைத் தோட்ட ஓரத்தில் பறவை பார்ப்பவருக்கும், காட்டோரத்தில் இருவாட்சியைத் தேடுபவருக்கும்தான் 600உம் அதற்கு மேலும் தேவைப்படும்.

மறுமுனையையும் பார்க்க வேண்டும். தொடக்க எண் 24க்கும் 28க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். சிறிய வீட்டின் கூடத்தில் நான்கு தலைமுறையை ஒரே படத்தில் நிறுத்தும்போதும், பத்துமலையில் 42.7 மீட்டர் முருகன் சிலையையும் அடியில் நிற்கும் குடும்பத்தையும் சேர்த்துப் பிடிக்கும்போதும் அந்த நான்கு மி.மீ. நன்றாகவே தெரியும்.

இப்போது முதல் இணை எண், 2.8-4. லென்ஸின் கண்மணி எவ்வளவு விரியும் என்பதைச் சொல்வது இது. எண் சிறிதானால் துளை பெரிது. 2.8இலிருந்து 4க்குப் போனால் வெளிச்சம் பாதியாகும், 5.6இல் கால் பங்கு. 8இல் எட்டில் ஒன்று. சூமை இழுக்க இழுக்கத் துளை சுருங்குவது பெரும்பாலான லென்ஸ்களின் இயல்பு. இரண்டாவது எண் சொல்வது அந்தச் சுருக்கத்தைத்தான். விளம்பரத்தில் முதல் எண் மட்டும் பெரிதாக இருக்கும். வாங்குபவர் பார்க்க வேண்டியது இரண்டாவது எண்ணை, ஏனென்றால் மேடையை எட்டிப் பிடிக்கும்போது வேலை செய்யப்போவது அதுதான்.

கணக்கு இப்படி ஓடும். ஒரு மேடை வெளிச்சத்தில் அசையும் ஆட்டக்காரரை நிறுத்திப் பிடிக்க, துளை 2.8இல் ஐஎஸ்ஓ 1600 போதும் என்று வைப்போம். துளை 4 என்றால் ஐஎஸ்ஓ 3200 வேண்டும். 5.6 என்றால் 6400. 8 என்றால் 12800. முன்னே சொன்ன மணல் புள்ளிகள் எங்கிருந்து வருகின்றன என்பது இப்போது விளங்கும்.

2018இல் வெளிவந்த நிக்கான் கூல்பிக்ஸ் பி1000 என்ற கேமராவின் சூம் 24 முதல் 3000 மி.மீ. வரை, 125 மடங்கு. நிலவின் பள்ளங்களை அதில் எடுத்த படங்களைப் பார்த்து மயங்காதவர் குறைவு. பகல் வெளிச்சத்திலும் நிலவிலும் அது செய்வதை வேறெதுவும் அந்த விலையில் செய்யாது. ஆனால் அதன் சென்சார் 1/2.3 இன்ச், சூம் கடைசியில் துளை 8, எடை ஏறக்குறைய 1.4 கிலோ. சூமின் கடைசி முனையில் அந்தச் சென்சாருக்கு வந்து சேரும் மொத்த வெளிச்சம், எஃப்இசட்1000க்கு அதன் கடைசி முனையில் கிடைப்பதில் பதினாறில் ஒரு பங்குதான். மாலை ஆறு மணிக்கு மேல் தேர் புறப்படும் ஊரில் அதை வாங்கி வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சோனி ஆர்எக்ஸ்10 வரிசை இதற்கு நேர் எதிர்த் திசையில் தொடங்கியது. 2013இல் வந்த முதல் கேமராவில் 24 முதல் 200 மி.மீ. வரை எங்கு நின்றாலும் துளை 2.8. இரண்டாம் பதிப்பும் அப்படியே. மூன்றாம், நான்காம் பதிப்புகளில் சூம் 600 வரை நீண்டது, துளை 2.4இலிருந்து 4 வரை. மண்டபமே உலகம் என்று இருப்பவருக்குப் பழைய இரண்டு பதிப்புகள் இன்னும் நல்ல கேமராக்கள். திறந்தவெளித் திருவிழா, விளையாட்டுப் போட்டி, பறவை என்று அலைபவருக்குப் பின்னவை. இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு: மூன்றும் நான்கும் வெளித்தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகள், லென்ஸும் ஒன்றே. ஆனால் 2017இல் வந்த நான்காம் பதிப்பில்தான் ஓடும் பொருளைத் தொடர்ந்து கவனித்துக் குவியும் வேகமான முறையும், நொடிக்கு 24 படம் எடுக்கும் திறனும் வந்தன. பழையது வாங்கும்போது விற்பவர் "ஆர்எக்ஸ்10" என்று மட்டும் சொன்னால் விடாமல் எந்தப் பதிப்பு என்று கேட்க வேண்டும். எடை ஒரு கிலோவைத் தாண்டும். நாள் முழுவதும் கழுத்தில் மாட்டிக்கொண்டு 272 படி ஏறுபவர் அதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சூமே இல்லாத நிலைலென்ஸ் கேமராக்களும் உண்டு. ஃபுஜிஃபில்ம் எக்ஸ்100 வரிசை, ரிக்கோ ஜிஆர், முழுச்சட்டத்தில் லைக்கா கியூ. இவை பெரிய சென்சாரும் கூர்மையான ஒற்றை லென்ஸும் கொண்டவை. படம் அழகாக வரும். ஆனால் பக்கத்தில் போய் நின்றால்தான் வரும். கடைசி வரிசைப் பெற்றோருக்கு இவை உதவாது. லயன் வீட்டு வாசலில் பாட்டியோடு உட்கார்ந்து பேசிக்கொண்டே எடுப்பவருக்கு ரிக்கோ ஜிஆர்3 போன்ற, 257 கிராமில் சட்டைப் பையில் அடங்கும் கேமராவைவிடப் பொருத்தமானது தேடினாலும் கிடைக்காது.

கை நடுக்கம் வேறு, ஆட்டம் வேறு

"ஸ்டெபிலைசர் இருக்கிறது, படம் ஆடாது" என்று விற்பவர் சொல்வார். அது பாதி உண்மை. கேமரா பிடித்திருக்கும் கையின் நடுக்கத்தை அது சமன் செய்யும். 600 மி.மீ.யில் நொடியில் 600இல் ஒரு பங்கு நேரத்தில் எடுக்க வேண்டிய அசையாத கோபுரத்தை, 60இல் ஒரு பங்கு நேரத்திலும் தெளிவாக எடுக்கலாம். ஆனால் காவடி ஆடுபவரின் அசைவை எந்த ஸ்டெபிலைசரும் நிறுத்தாது. அதற்கு ஷட்டர் வேகம் நொடியில் 250இல் ஒரு பங்காவது வேண்டும். பறை அடிக்கும் கைக்கு 500 வேண்டும். வேகத்தைக் கூட்டினால் வெளிச்சம் குறையும். ஆக, சுற்றிச் சுற்றி மறுபடியும் துளைக்கும் சென்சாருக்குமே வந்து நிற்கிறோம்.

இன்னொரு சிக்கல் எல்இடி விளக்கு. ஒலியில்லாத மின்னணு ஷட்டரை வைத்து எடுத்தால், ஆலயத்திலும் மண்டபத்திலும் சில எல்இடி விளக்குகளின் கீழ் படத்தில் வரிவரியாகக் கோடுகள் விழும். இயந்திர ஷட்டருக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். வீடியோவில் விளக்கு மினுங்கினால் வேறு காரணம்: மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் நாட்டு அமைப்பில் கேமரா இருந்தால் அப்படித்தான் வரும். அமைப்பை 50க்கு மாற்றி, ஷட்டரை நொடியில் 50இல் ஒரு பங்குக்கு வைக்க வேண்டும். வாங்கும் கேமரா அந்த மாற்றத்துக்கு இடம் தருகிறதா என்று கடையிலேயே மெனுவைத் திறந்து பார்த்துவிடலாம்.

நம் முகம் ஏன் கறுத்து விழுகிறது?

இதைப் பற்றிக் கடையில் யாரும் பேசுவதில்லை. கேமராவின் அளவுமானி உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக எண்ணிக் கணக்குப் போடும். பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளை மேடைத் திரை என்று சட்டம் முழுக்க வெள்ளையாக இருந்தால் "வெளிச்சம் அதிகம்" என்று அது குறைத்துவிடும். வேட்டி சாம்பலாகும், மாநிறமும் கறுப்புமான முகங்கள் இருட்டில் மூழ்கிப் போகும். குற்றம் முகத்தில் இல்லை, கணக்கில்.

இதைச் சரிசெய்ய வெளிச்ச ஈடு என்ற ஒரு வசதி இருக்கிறது. அதைச் சற்றுக் கூட்டி வைத்தால் முகம் தெளியும். மேம்பட்ட கேமராவுக்கு அழகே இதற்குக் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு தனிச் சக்கரமோ பொத்தானோ இருப்பதுதான். மெனுவுக்குள் நான்கு படி இறங்கி மாற்ற வேண்டியிருந்தால் மணமக்கள் அதற்குள் மேடையை விட்டே இறங்கிவிடுவார்கள். கடையில் கேமராவைக் கையில் வாங்கியதும் முதலில் இதைத்தான் தேட வேண்டும். பிறகு, கூட வந்தவரை வெள்ளைச் சுவரின் முன் நிறுத்தி, ஈடு இல்லாமல் ஒன்றும், கூட்டி வைத்து ஒன்றும் எடுத்துப் பார்த்தால் அந்தக் கேமராவில் வேலை எவ்வளவு எளிது என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ரா கோப்பு என்ற வசதியும் இங்கேதான் கைகொடுக்கும். சாதாரண ஜேபெக் படத்தில் இருட்டில் போன முகத்தைத் தூக்கினால் வண்ணம் கெடும். ரா கோப்பில் சென்சார் கண்டதெல்லாம் அப்படியே இருப்பதால் பிற்பாடு மீட்டெடுக்கலாம். கணினியில் உட்கார்ந்து வேலை செய்யப் பொறுமை உள்ளவர் வீட்டில் ஒருவராவது இருக்கிறாரா என்பதையும் பார்க்க வேண்டும். இல்லையென்றால் அந்த வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் பொருளில்லை.

நண்பகல் வெயிலில் பால்குடம் வரும்போது, தலைக்கு மேல் சூரியனால் கண்குழியில் நிழல் விழும். அப்போது சிறிய ஃபிளாஷ் போட்டால் முகம் மலரும். ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கும் நிலைலென்ஸ் கேமராக்களில் மிக வேகமான ஷட்டரோடும் ஃபிளாஷ் ஒத்துழைக்கும். லென்ஸ் மாற்றும் கேமராக்கள் பலவற்றில் இதற்குத் தனி ஃபிளாஷும் தனி ஏற்பாடும் வேண்டும்.

கண்ணில் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் கட்டாயம் வேண்டும். வெயிலில் பின்திரை கண்ணாடிபோல் மின்னுமே தவிர எதுவும் தெரியாது. முகத்தோடு ஒட்டிப் பிடிக்கும்போது கையும் உறுதிப்படும். தொடுதிரை, வைஃபை, முகமூடி வண்ண விளையாட்டுகள் எல்லாம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை.

வீடியோவில் மறைந்திருக்கும் வரம்பு

4கே என்று எழுதியிருந்தால் போதாது, எத்தனை நிமிடம் என்று கேட்க வேண்டும். 2015இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100 நான்காம் பதிப்பில் 4கே வீடியோ ஒரே மூச்சில் 5 நிமிடம்தான். இன்னும் பல கேமராக்கள் 29 நிமிடம் 59 விநாடியில் தாமாக நின்றுவிடும். பொத்தானை மறுபடி அழுத்தினால் தொடரும். அழுத்த வேண்டியவர் அந்த நேரம் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கதை முடிந்தது.

பால்மரம் வெட்டிய காலத்தை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்களைப் பேசவிட்டுப் பதிவு செய்ய நினைப்பவர்கள், கேமராவின் பக்கத்தில் மைக் செருகும் துளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படம் சற்று மங்கினாலும் மன்னிக்கலாம். மின்விசிறி இரைச்சலில் பாட்டி சொன்னது கேட்கவில்லை என்றால் பதிவு செய்ததே வீண். எஃப்இசட்1000இல் அந்தத் துளை உண்டு. சோனி ஆர்எக்ஸ்100 ஆறாம் பதிப்பில் இல்லை, ஏழாம் பதிப்பில் வந்தது. இப்படி ஒரே வரிசைக்குள்ளேயே மாறும்.

பேட்டரி ஒன்று கூடுதலாக வாங்கிவிட வேண்டும். ஒரு பேட்டரிக்கு இத்தனை படம் என்பது நிறுவனக் கணக்கு. திருவிழாவில் அது மதியத்துக்கு முன்பே தீரும்.

பழையது வாங்குபவருக்கு

இந்த வகையில் புதிய மாடல்கள் அடிக்கடி வருவதில்லை. ஆகவே பழையது வாங்குவதில் வெட்கமும் இல்லை, பெரிய நஷ்டமும் இல்லை. கோலாலம்பூரில் புடு பிளாசாவும் சிங்கப்பூரில் பெனின்சுலா பேரங்காடியும் பழைய கேமராவுக்குப் பேர்போனவை. ஆனால் இந்த வகைக்கென்றே சில நோய்கள் உண்டு.

சூம் லென்ஸ் நீண்டு சுருங்கும்போதெல்லாம் சைக்கிள் பம்ப் போலக் காற்றை உள்ளே இழுக்கும். காற்றோடு தூசியும் போகும். லென்ஸ் மாற்றும் கேமராவில் சென்சாரைத் துடைத்துவிடலாம். இதில் முழுவதையும் பிரிக்க வேண்டும். கூலி சில நேரம் கேமராவின் பாதி விலைக்கு வந்து நிற்கும். சோதிக்கும் வழி எளிது. துளையை 8 அல்லது 11க்குச் சுருக்கி, வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுத்துத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் தூசி கரும்புள்ளியாகக் காட்டிக் கொடுக்கும்.

அடுத்தது பூஞ்சைக் காளான். நம் நாட்டு ஈரக்காற்றில் அலமாரியில் வைத்த லென்ஸுக்குள் அது சிலந்தி நூல்போலப் படரும். கைப்பேசி விளக்கை லென்ஸுக்குள் சாய்வாக அடித்துப் பார்த்தால் தெரியும். இருந்தால் விலை பேசவே வேண்டாம். கண்ணாடியின் மேற்பூச்சையே அது அரித்திருக்கக்கூடும்.

மூன்றாவது, கீழே விழுந்து லென்ஸ் கோணலான கேமரா. வெளியே ஒரு கீறலும் இருக்காது. நாளிதழின் ஒரு முழுப் பக்கத்தைச் சுவரில் ஒட்டி, நேராக நின்று, துளையை முழுக்கத் திறந்து எடுத்துப் பார்க்க வேண்டும். நான்கு மூலையிலும் எழுத்து ஏறக்குறைய ஒரே அளவு தெளிவாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கலங்கினால் வைத்துவிட்டு வந்துவிடலாம். சூம் போகும்போது கரகரவென்று சத்தம் வந்தாலும் அதே முடிவுதான். சொந்த மெமரி கார்டைக் கொண்டுபோய் இந்தப் படங்களையெல்லாம் வீட்டுக்கு எடுத்து வந்து பெரிய திரையில் பார்த்துவிட்டு, மறுநாள் போய் வாங்குவது இன்னும் நல்லது. விற்பவர் அவசரப்படுத்தினால் அதுவே ஒரு பதில்.

ஜப்பானிலிருந்து வரும் பழைய கேமராக்கள் பொதுவாகச் சுத்தமாக இருக்கும். ஆனால் அந்நாட்டு உள்சந்தைக்கென்றே விற்றவற்றில் சிலவற்றின் மெனு ஜப்பானிய மொழியில் மட்டுமே இருக்கும், மாற்ற வழியிருக்காது. பொத்தானை அழுத்தி மொழிப்பட்டியலைப் பார்த்த பிறகே காசை எடுக்க வேண்டும்.

புதியது வாங்கும்போது மலேசியாவில் "ஏபி செட்" என்றும் சிங்கப்பூரில் "எக்ஸ்போர்ட் செட்" என்றும் ஒரு சொல் காதில் விழும். விலை குறைவாக இருக்கும். அதிகாரபூர்வ முகவரின் உத்தரவாதம் இராது. கடை தரும் உத்தரவாதம் மட்டுமே. லென்ஸைப் பிரித்து மாற்ற முடியாத இந்த வகைக் கேமராவில் எந்தப் பழுதும் முழுக் கேமராவின் பழுதாகிவிடுவதால், அந்த விலைக் குறைப்பு எவ்வளவு என்பதை உத்தரவாதத்தோடு சேர்த்துத்தான் எடைபோட வேண்டும். பத்து விழுக்காடு குறைவுக்காக அதை விட்டுக்கொடுப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

பற்றுச்சீட்டில் மாடலின் முழுப் பெயரும் வரிசை எண்ணும், உத்தரவாதம் யாருடையது என்பதும் எழுதியிருக்க வேண்டும். மலேசியாவில் கடையோடு தகராறு வந்தால் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது, பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. சிங்கப்பூரில், வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, மாறாக நிரூபிக்கப்படாவிட்டால், விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளும் சட்டம் 2012 முதல் நடப்பில் இருக்கிறது. கடையில் வாங்கிய பழைய பொருளுக்கும் அது பொருந்தும். ஃபேஸ்புக்கில் தனியாள் ஒருவரிடம் வாங்கியதற்கு இந்த இரண்டு பாதுகாப்பும் கிடையாது.

வாங்கி வந்த பிறகு கேமராவைத் தோல் பையில் பூட்டித் துணி அலமாரிக்குள் வைப்பதுதான் பலரும் செய்வது. காளானுக்கு அதைவிடச் சொகுசான வீடு இல்லை. மின்சார ட்ரை பாக்ஸ் வாங்கினால் ஈரப்பதத்தை 45 முதல் 50 விழுக்காட்டில் வைக்கலாம். அதற்கு வசதி இல்லாதவர்கள் ரப்பர் வளையத்தோடு இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, பொட்டலத்தின் நிறம் மாறியதும் புதுப்பித்தால் போதும். குளிரூட்டிய மண்டபத்திலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் பனி படியும். அப்போது துடைக்கக் கூடாது, சூமையும் இழுக்கக் கூடாது. மண்டபத்தை விட்டுக் கிளம்பும் முன்பே கேமராவைப் பையில் போட்டு மூடி, வெளியே வந்து இருபது முப்பது நிமிடம் கழித்துத் திறந்தால் பனி படியாது. மணமக்கள் கார் ஏறும் படம் வேண்டும் என்பவர், ஆசீர்வாதம் முடியும் நேரத்திலேயே கேமராவோடு வாசலுக்கு வந்து காத்திருக்க வேண்டியதுதான்.